சிகிச்சை முடிந்த மார்பில் புதிதாக ஏதோ தட்டுப்படுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது 2014இல். கட்டியை மட்டும் எடுத்தார்கள். அப்புறம் கீமோ, அதற்கப்புறம் ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். எல்லாம் முடிந்து வீடு வந்த அன்று, "தப்பிச்சு வந்துட்ட கண்ணு" என்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான்காவது வருஷம், குளிக்கும்போது தழும்புக்குக் கீழே கல் மாதிரி ஒன்று விரலில் தட்டியது. ஐந்து வாரம் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் அதே நினைப்பு, ராத்திரி புரண்டு படுத்தாலும் அதே நினைப்பு.

இப்போது பவானி, காங்கேயம், பல்லடம், பொள்ளாச்சி என்று பல ஊர்ப் பெண்களுக்கு செக்கப்புக்குத் துணையாகப் போகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், கூடப் போய்ப் பார்த்ததும்தான் இதில் இருக்கிறது. உங்கள் உடம்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்களைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்.

அறுவையும் கரண்டும் ஆன மார்பு பழையபடி இருக்காதுதானே? இதில் எதைச் சாதாரணம் என்று விடுவது, எதற்குப் பயப்படுவது?

பழையபடி இருக்காது, உண்மைதான். கரண்ட் வைத்த இடம் கறுத்துத் தோல் உரியும், சில வாரத்தில் ஆறும். மார்பு கொஞ்சம் வீங்கிக் கனமாக இருப்பது பல மாதம் நீளும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். போகப்போக அந்த மார்பு சுருங்கி, கெட்டிப்பட்டு, இன்னொன்றைவிடச் சின்னதாகத் தெரியும். தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கும். அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்தவர்களுக்கு மேல்கையின் உள்பக்கமும் மரத்திருக்கும்.

இதெல்லாம் நாளாக ஆகக் குறையும், இல்லையென்றால் ஒரே நிலையில் நிற்கும். என் மருத்துவர் சொல்லிக்கொடுத்த கணக்கு இதுதான்: அடங்கி இருந்த இடத்தில் புதிதாக ஒன்று கிளம்பினாலோ, இருந்தது கூடிக்கொண்டே போனாலோ, காட்ட வேண்டும். இரண்டு வாரம் பார்க்கலாம். அதற்குமேல் நின்றால் அடுத்த செக்கப் தேதி எப்போது என்று காலண்டரைப் புரட்ட வேண்டாம். போன் போட்டு முன்கூட்டியே தேதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஓபிக்கு நேராகப் போய்விடுங்கள்.

கெட்டியாகக் கட்டி தட்டினால் நோய் திரும்பிவிட்டது என்றுதான் அர்த்தமா?

இல்லை. என் கையில் தட்டியது நோய் இல்லை. கத்தி பட்டும் கரண்ட் பட்டும் மார்பிலுள்ள கொழுப்பு கொஞ்சம் செத்துப்போய்க் கெட்டியாகிவிடும். கொழுப்புத் திசு அழிவு என்கிறார்கள். சிகிச்சை முடிந்து சில மாதத்திலும் வரும், சில வருஷம் கழித்தும் வரும். சில சமயம் அதற்குள் எண்ணெய் போலத் திரவம் சேர்ந்து உருண்டையாகும். அறுவை செய்த குழியில் நீர் கோத்து நிற்பதும் உண்டு. தையல் போட்ட இடம் தடித்து முண்டுமுண்டாக இருப்பதும் உண்டு.

ஆனால் கஷ்டம் எங்கே என்றால், இந்தக் கொழுப்புக் கட்டியும் நோய்க்கட்டியும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுமே கல் போல இருக்கும், வலிக்காது, தோலை உள்ளே இழுக்கும். அனுபவமுள்ள மருத்துவரே தொட்டு மட்டும் முடிவு சொல்ல மாட்டார். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் பார்த்து, சந்தேகம் தீரவில்லை என்றால் ஊசியில் சதை எடுத்துத்தான் சொல்வார். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஐந்து வாரம் நான் தூக்கம் கெட்டுக் கிடந்ததற்குப் பதில், முதல் வாரமே போயிருந்தால் எட்டாம் நாள் தெரிந்திருக்கும்.

எந்த மாற்றம் என்றால் தாமதிக்கவே கூடாது?

மார்பிலோ அக்குளிலோ காறை எலும்புக்கு மேலுள்ள குழியிலோ புதுக் கட்டி. தோல் ஆரஞ்சுப்பழத் தோல் போலக் குழிகுழியாக மாறுவது. தோலோ காம்போ உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பில் ஆறாத புண், செதில், அரிப்பு. பிழியாமல் தானாக வடிவது, அதுவும் ரத்தமாகவோ ஒரே துளையிலிருந்தோ வந்தால் கட்டாயம். கரண்ட் வைத்துப் பல வருஷம் கழித்து அந்த இடத்தில் ஊதா நிறத்தில், அடிபட்ட கன்றல் மாதிரி திட்டு வந்து, அடி எதுவும் படாமலே பெரிதாகிக்கொண்டு போவது. இந்தக் கடைசியது மிக அபூர்வம். ஆனால் கரண்டின் பின்விளைவாகவே வரக்கூடிய ஒருவகைப் புற்று அப்படித் தொடங்கும் என்பதால், கன்றல்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

மார்பு திடீரென்று சிவந்து, சூடாகி, ஒரு சுற்று பெரிதானால் அது சீழ்க்கட்டு நோவாகவும் இருக்கலாம், அழற்சி வகைப் புற்றாகவும் இருக்கலாம். முதலில் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், அது சரிதான். வாரம் பத்து நாளில் சிவப்பு முழுசாகப் போகவில்லை என்றால் இரண்டாவது கோர்ஸ் மாத்திரையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தோலில் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

நெஞ்சில் சிவப்பாகக் கிளம்பியிருக்கிறது. அக்கி என்கிறார்கள், எழுதிவிட்டு வரலாமா?

அக்கியாகவும் இருக்கலாம். கீமோ எடுத்த உடம்புக்கு அக்கி வருவது புதிதில்லை. ஆனால் அக்கிக்கு ஓர் அடையாளம் உண்டு. முதலில் ஒரு பக்கமாக எரிச்சலும் குத்தலும் வரும், பிறகு அதே பக்கம் பட்டை போல நீர்க்கொப்புளம் கிளம்பும், சில வாரத்தில் பொருக்கு தட்டி உதிரும். அதற்கு மாத்திரை இருக்கிறது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை, அதில் நான் குறுக்கே வரவில்லை. அன்றைக்கே மருத்துவரையும் பாருங்கள்.

கொப்புளமும் இல்லை, எரிச்சலும் இல்லை, தழும்பை ஒட்டி மிளகு அளவில் இளஞ்சிவப்பாக முண்டு முண்டாக இருக்கிறது என்றால் அது அக்கி மாதிரி தெரியவில்லை. நெஞ்சுத் தோலில் நோய் திரும்பும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும். மஞ்சள் பத்து, விளக்கெண்ணெய், மூலிகைக் கட்டு எதுவும் அதன்மேல் வேண்டாம். பத்துப் போட்ட தோலில் நிறமும் தடிப்பும் மறைந்து, பார்க்கிற மருத்துவருக்கே பிடிபடாமல் போகும்.

மார்பையே முழுசாக எடுத்தாயிற்று. இனி அங்கே வர என்ன இருக்கிறது?

தோலும் தசையும் இருக்கிறது. தழும்பிலோ நெஞ்சுச் சுவரிலோ அக்குளிலோ நோய் திரும்பலாம். அதனால் எடுத்த பக்கத்தையும் மாதம் ஒரு தடவை, சோப்பு வழுக்கும்போது, மூன்று விரலைத் தட்டையாக வைத்துத் தடவிப் பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு மேமோகிராம் தேவைப்படாது. இருக்கிற மார்புக்கு வருஷம் ஒரு முறை எடுக்க வேண்டும். ஒரு மார்பில் வந்தவருக்கு இன்னொன்றில் புதிதாக வரும் வாய்ப்பு, வராதவர்களைவிடக் கூடுதல்.

வலிக்கிறது. வலி என்றால் திரும்பி வந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வெட்டுப்பட்ட நரம்பு வருஷக்கணக்கில் சுருக்கென்று குத்தும், மழைக்கு முன்னால் கூடும், எடுத்துவிட்ட மார்பே வலிப்பது போலவும் தோன்றும். அறுவை முடிந்த சில வாரத்தில் அக்குளிலிருந்து கை வரை கயிறு இழுப்பது போல வந்தால், பயிற்சியில் சரியாகும். பிசியோதெரபி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கவனிக்க வேண்டிய வலி வேறு: முதுகிலோ இடுப்பிலோ விலாவிலோ ஒரே இடத்தில், படுத்தாலும் குறையாமல், வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகிற எலும்பு வலி. அதோடு விடாத வறட்டு இருமல், மூச்சுவாங்குதல், காரணமில்லாமல் எடை குறைதல், புதிதாக வந்த தலைவலி, கண் மஞ்சளாவது, இவற்றையும் புற்றுநோய் மருத்துவரிடமே சொல்லுங்கள். மேலு வலி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஓட்ட வேண்டாம். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூட்டுவலி மாத்திரையாலேயே வரும். அதையும் சொன்னால்தான் வழி கிடைக்கும். பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

எடுத்த பக்கத்துக் கை கனக்கிறது, வளையல் இறுகுகிறது.

நெறி எடுத்த பக்கம் நிணநீர் தேங்கினால் கை வீங்கும், சில சமயம் மார்பே வீங்கும். ஆரம்பத்தில் வந்தால் அழுத்தக் கட்டு, மெல்லிய மசாஜ், பயிற்சி இவற்றில் நன்றாக அடங்கும். பழசானால் கெட்டிப்பட்டுவிடும். புல் அறுப்பது, முள்வேலி கட்டுவது, தறியில் நூல் அறுந்து கையைக் கிழிப்பது என்று நம் வேலையெல்லாம் கையில்தான். உறை போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல் என்றாலும் கழுவி மருந்து வையுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

ரொம்ப நாள் சரியாக இருந்த கை திடீரென்று வீங்கினால், அக்குளில் புதிதாக ஏதாவது அடைக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) பூச்சாட்டு சாட்டியிருக்கிறது. நோம்பி முடிந்து போனால் ஆகாதா?

என் ஐந்து வாரத்தில் பாதி இதற்குத்தான் போனது. கம்பம் நட்டாயிற்று, ஊரை விட்டுப் போய் ராத்தங்கக் கூடாது, நோம்பி முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான் காரணம், கம்பம் ஒரு சாக்கு. காலையில் முதல் பஸ்ஸில் கோயமுத்தூரோ ஈரோடோ போய்ப் பரிசோதனை முடித்துச் சாயங்காலம் ஊர் திரும்பினால் எந்தக் கட்டும் மீறியதாகாது. பிறகு மஞ்சள் வெட்டு வரும், மகள் கல்யாணம் வரும், தை வந்தால் பட்டிப் பொங்கல் வரும். மாரியம்மனுக்கு நாம் உடம்போடு இருந்துதான் மாவிளக்கு எடுக்க வேண்டும்.

டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் "தழும்புதான், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். இனி என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுவேன். என் கூட வந்த ஓர் அக்காவுக்கு இப்படி ஆயிற்று. இரண்டு தடவை போனார், இரண்டு தடவையும் தழும்பு என்ற பதில். மூன்றாம் தடவை நானும் போய் உட்கார்ந்தேன். அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார்கள், சதை எடுத்தார்கள், நோய் திரும்பியிருந்தது. சின்ன அளவில் இருந்ததால் அறுவையும் மாத்திரையுமாகச் சமாளித்தார்கள். இன்று தோப்பில் தேங்காய்க் கணக்கு எழுதுகிறார்.

ஓபியில் கூட்டம் இருக்கும், ஒருத்தருக்கு மூன்று நிமிஷம் கிடைக்கும். அதற்குள் சொல்லி முடிக்க முன்னாலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: எந்த இடம், எந்தத் தேதியில் முதலில் பார்த்தது, அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு. தோல் மாற்றம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் வாரம் ஒரு போட்டோ. வெட்கப்பட வேண்டாம், போனில் பூட்டு போட்டு வைத்துக்கொள்ளலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட், கரண்ட் வைத்த விவரம், பழைய மேமோகிராம் பிலிம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். புதுப் படத்தைப் பழசோடு ஒப்பிட்டால்தான் எது புதிது என்று தெரியும்.

அப்புறம் இப்படிக் கேளுங்கள்: "இது தழும்புதான்னு எதை வெச்சுங்க சொல்றீங்க? ஸ்கேன் ஒண்ணு பார்த்துரலாமுங்களா?" மரியாதையாகத்தான் கேட்கிறீர்கள், சண்டை போடவில்லை. எப்போது திரும்ப வர வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். இதற்கும் பதில் வரவில்லை என்றால் வேறொரு புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். முதல் டாக்டருக்குத் துரோகம் செய்கிறோமோ என்று சங்கடப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கருத்து கேட்பது மருத்துவத்தில் வழக்கம்தான்.

மேமோகிராம் நார்மல் என்று வந்திருக்கிறது, ஆனால் கையில் கட்டி தட்டுகிறது.

கைதான் முதல் சாட்சி. மேமோகிராமில் தெரியாத கட்டிகள் உண்டு. தழும்பும் கரண்ட் பட்ட சதையும் படத்தை மறைக்கும். அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். தழும்பா நோயா என்று குழப்பமாக இருந்தால் எம்ஆர்ஐ உதவும். முடிவான பதில் சதைப் பரிசோதனையில்தான்.

ஊசி விட்டுச் சதை எடுத்தால் நோய் கிளறி விட்டது போலப் பரவும் என்கிறார்களே?

பரவாது. நம் பக்கம் இந்தப் பேச்சு ஆழமாக வேர் விட்டிருக்கிறது. கத்தி பட்டதும் செத்துப்போனார் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அவர்களில் பலர் முற்றிய பிறகு போனவர்கள். மரக்க ஊசி போட்டு, தடித்த ஊசியால் நூல் போலச் சதை எடுப்பார்கள். வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நோய் என்று வந்தால் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) பரிசோதனையைப் புதுச் சதையிலும் மறுபடி செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை இருந்த குணம் திரும்பி வரும்போது மாறியிருக்கலாம், மருந்தும் அதற்கேற்ப மாறும்.

வருஷா வருஷம் பெட் ஸ்கேனும் சிஏ 15-3 ரத்தப் பரிசோதனையும் எடுத்தால் நிம்மதிதானே?

தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு அவற்றை வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை. அதனால் ஆயுள் கூடுவதில்லை. இல்லாத நோயைக் காட்டி அலைய வைப்பதும் நடக்கும். முதல் மூன்று வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் உடம்பைக் காட்டுவது, அடுத்த இரண்டு வருஷம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருஷம் ஒரு முறை. கரண்ட் முடிந்து 6 முதல் 12 மாதத்தில் முதல் மேமோகிராம், பிறகு வருஷா வருஷம். பட்ஜெட்டை இதற்கு வையுங்கள்.

பத்து வருஷம் தாண்டிவிட்டது. இனி வராது, செக்கப்பை விட்டுவிடலாமா?

வேண்டாம். மும்மறை வகை, அதாவது ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் இல்லாதது, திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில வருஷத்திலேயே திரும்பும். ஈஆர், பிஆர் உள்ள ஹார்மோன் வகை பொறுமையானது, பத்து, பதினைந்து, இருபது வருஷம் கழித்தும் வந்திருக்கிறது. நடுவில் செக்கப்பை விட்டவர்கள் திட்டுவார்களோ என்று போகாமலே இருக்கிறார்கள். திட்டினால் ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்வோம், போய்விடுங்கள்.

ஊரில் பரிசோதனை முகாம் வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். முகாம் தொந்தரவு எதுவும் தெரியாதவர்களைச் சலித்துப் பார்ப்பதற்கு. ஏற்கனவே நோய் வந்த, இப்போது மாற்றம் தெரிகிற நீங்கள் நேராகப் புற்றுநோய் ஓபிக்குத்தான் போக வேண்டும்.

டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறேன். தீட்டு நின்று வருஷமாகிறது, மறுபடி ரத்தம் பட்டது.

ஒரு சொட்டு என்றாலும் பெண்கள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மாத்திரை கருப்பையின் உள்தோலைத் தடிக்கச் செய்யும், அபூர்வமாகப் புற்றும் வரும். பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எனக்கு வந்தது மார்பில் இல்லை. சின்ன வயசில் ஹாட்ஜ்கின் நோய்க்கு (ஒருவகை நிணநீர்ப் புற்று) நெஞ்சில் கரண்ட் வைத்தார்கள்.

அப்படியென்றால் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பத்திலிருந்து முப்பது வயசுக்குள் நெஞ்சில் கதிர்வீச்சு பட்ட பெண்களுக்குப் பின்னாளில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. 25 வயசு, அல்லது கரண்ட் முடிந்து 8 வருஷம், இதில் எது பிந்தியதோ அப்போதிருந்தே மேமோகிராமும் எம்ஆர்ஐயும் தொடங்கச் சொல்கிறார்கள். 27 வயசுப் பெண் மார்பில் கட்டி என்று போனால் "இந்த வயசுக்கு ஒண்ணும் இருக்காது" என்பார்கள். கரண்ட் வைத்த விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். கோவை அரசு மருத்துவமனைக்கு நேராகவும் போகலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் அதை மறந்துவிடாதீர்கள். போதிய காலம் சந்தா போயிருந்தால் புற்றுநோய்க்கு நீட்டித்த விடுப்பில், தினக்கூலியில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். வெளியூர் செக்கப்புக்கு ரயிலில் போனால் மருத்துவமனை சான்றிதழைக் காட்டி ஸ்லீப்பரில் கட்டணமில்லாமல் போகலாம், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை.

வீட்டில் சொல்லட்டுமா? பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம்.

பயாப்ஸிக்குப் போகும்முன் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கணவர், அக்கா, நங்கையா (அண்ணி), யார் உங்களுக்குக் காது கொடுப்பாரோ அவர். ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மகளிடம் மறைக்காதீர்கள். உங்களுக்குச் சின்ன வயசில் வந்திருந்தாலோ, இரண்டு மார்பிலும் வந்திருந்தாலோ, தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ இன்னும் யாருக்காவது மார்பிலோ கருமுட்டைப் பையிலோ வந்திருந்தாலோ, மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். அது மகள் தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான விஷயம், சம்பந்தி வீட்டுப் பேச்சு அப்புறம்.

திரும்ப வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்?

மார்பிலேயோ தழும்பிலேயோ மட்டும் திரும்புவதும், எலும்பு நுரையீரல் என்று பரவுவதும் ஒன்றல்ல. முதல் வகையைப் பல சமயம் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்கிறார்கள். கட்டி மட்டும் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் மார்பை முழுசாக எடுக்க வேண்டிவரும். பரவியிருந்தாலும் மாத்திரையிலும் ஊசியிலும் வருஷக்கணக்கில் வீட்டு வேலை, காட்டு வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ரிசல்ட் வர சில நாள் ஆகும், கூடுதல் பரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம் ஆகலாம். அந்த நாட்களில் தனியாக இருக்காதீர்கள். எனக்கு ரிசல்ட் வந்த அன்று நங்கையா கூட வந்தார். ரிப்போர்ட்டை நான் பிரிக்கவில்லை, என்னால் முடியவில்லை. அவர் வாங்கி டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தும்வரை இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.